அசெனதா வாயிலிருந்து ஒரு வார்த்தை

கோழியைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, அதன் வயிற்றுச் சிறகில் அசெனதா ஊதிக்கொண்டிருக்கிறார். ஊதினால் சிறகு விலகும், அடியில் தோல் தெரியும். தோல் மஞ்சள் பூத்திருந்தால் கொழுப்பு உண்டு. நீலம் பாய்ந்திருந்தால் எலும்பைத்தான் வாங்கிப் போகிறோம். நௌசோரி சந்தையின் சனிக்கிழமைக் கூட்டம் அவரை இடித்துக்கொண்டு போகிறது. பாலத்துக்கு அப்பால் போகிற பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள்கூட, இவ்வளவு கம்பீரமான அம்மாள் கோழியின் பின்பக்கத்தில் எதற்காக ஊதுகிறார் என்று ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுத்தான் ஓடுகிறார்கள். அசெனதா யாரையும் கண்டுகொள்வதில்லை.

ஊதி முடித்ததும் கோழியை நேராகத் திருப்பி மூக்கைப் பார்ப்பார். மூக்குத் துவாரம் உலர்ந்திருக்க வேண்டும். பிறகு அதைக் காதோரம் அணைத்து மூச்சைக் கேட்பார். கொரகொரவென்று இழுத்தால் சளி, அந்தக் கோழி அத்தோடு சரி. காலின் செதில் வழவழவென்று இருந்தால் இளசு. சொரசொரத்து, பின்னால் முள் வளர்ந்திருந்தால் கிழடு. கடைசியாக நெஞ்செலும்பின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். இளங்கோழிக்கு அது வளைந்து கொடுக்கும். வளையவில்லை என்றால் கோழிக்காரரை நிமிர்ந்து பார்ப்பார்.

"இதுக்குப் பென்ஷன் வருதா?"

கோழிக்காரர் பெயர் பிசேசர். தாத்தா இந்தத் தீவுக்குக் கப்பலேறிக் கரும்பு வெட்ட வந்தவர், அப்பா கரும்பு வண்டி ஓட்டியவர், இவர் கோழிக்கூண்டுகளோடு சந்தை வாசலில் உட்கார்ந்துவிட்டார். ஒடிசலான ஆள். வாய் மட்டும் ஒடிசல் கிடையாது. மதிப்பான பெண்களை இந்த ஊரில் 'மராமா' என்றுதான் கூப்பிடுவார்கள். பிசேசர் அந்தச் சொல்லைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்.

"மராமா, கோழி வாங்க வந்தீங்களா, வைத்தியம் பாக்க வந்தீங்களா?"

"வைத்தியம் பாத்தாலும் இது தேறாது."

"என்னமாத் துள்ளுது பாருங்க! இன்னிக்குக் காலையிலதான் கூண்டுல ஏத்தினேன்."

"உங்ககிட்டேர்ந்து தப்பிக்கப் பாக்குது. புத்திசாலிக் கோழி. அதை விட்டுட்டு அடுத்ததை எடுங்க."

இப்படி ஏழெட்டுக் கோழிகளின் மானத்தை வாங்கிய பிறகு ஒன்றை எடுத்துக்கொள்வார். எடுத்ததையும் சும்மா எடுக்க மாட்டார். "இருக்கறதுல இதுதான் கொஞ்சம் கம்மியா மோசம்" என்று சொல்லிவிட்டுத்தான் எடுப்பார். அறுத்து வைத்த கோழியாக இருந்தால் சோதனை வேறு மாதிரி. இறக்கையைத் தூக்கி அக்குளை முகர்வார். நல்ல கோழிக்கு அங்கே வாசனையே இருக்கக்கூடாது. தோலைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டக்கூடாது. சதையை அழுத்தினால் குழி உடனே எழும்பிவிட வேண்டும். பெரிய கடைகளில் உறைந்த கோழி விற்கிறார்களே, அந்தப் பையைக் காதருகே வைத்துக் குலுக்குவார். உள்ளே பனிக்கட்டி கலகலத்தால் கடைப்பெண்ணைக் கூப்பிட்டு, "தண்ணி எங்க வீட்டுக் குழாய்லயே வருதும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இதெல்லாம் உத்தியோகப் பழக்கம். சூவா துறைமுகத்தில், கப்பலில் வந்து இறங்குகிறவர்களின் பெட்டியைத் திறந்து பார்க்கிற வேலையில் தலை நரைக்கும் வரை இருந்தவர் அசெனதா. அடியில் கிடக்கும் சாக்ஸைக்கூட விரித்துப் பார்த்தவர். ஓய்வு கொடுத்து, மாலை போட்டு, வீட்டுக்கு அனுப்பிய பிறகு திறந்து பார்க்கப் பெட்டி இல்லை. கை சும்மா இருக்குமா? கோழிகளின் கெட்ட காலம் தொடங்கியது.

இத்தனை பரீட்சையில் தேறிய கோழிக்கு வீட்டில் என்ன மரியாதை கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்? தண்ணீரில் போட்டு வேகவைப்பார். ஒரு துண்டு இஞ்சி, ஒரு வெங்காயம், கொஞ்சம் உப்பு. கோழி செத்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளத்தான் இப்படிக் கொதிக்கவிடுகிறார் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். கறி எலும்பை விட்டு, எலும்பு உருவத்தை விட்டு, எல்லாம் ஒன்றாகிற சமயத்தில் ஒரு கை பெலே கீரையைப் போட்டு, கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றி இறக்குவார். தொட்டுக்கொள்ள வெந்த சேப்பங்கிழங்கு. அவருடைய ஒரே மகன் எரோனி, மின்கம்பத்தில் ஏறுகிற வேலை பார்க்கிறவன், ஒருநாள் கரண்டியால் துழாவிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அம்மா, இதுல எது கோழி, எது கீரை?"

"ரெண்டும் தெரியாம கலந்துருச்சா? அப்பப் பதம் சரியா இருக்கு. சாப்புடு."

சமையல் எப்படியோ, அதைப் பற்றிய உபதேசத்தில் குறைவே கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண்கள் பச்சைக் கோழியைக் குழாயடியில் வைத்து அலசினால் வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே சத்தம் வரும். "அழுக்கு போகல, சுவரெல்லாம் தெறிக்குது! கீரை அரியற பலகையில கோழியை வெட்டாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது?" அந்தப் பெண்கள் குழாயை மூடிவிடுவார்கள். அசெனதா உள்ளே போனதும் திறப்பார்கள்.

இவ்வளவு பேசுகிற வாயிலிருந்து 'நல்லாருக்கு' என்ற ஒரு வார்த்தை மட்டும் யாரும் கேட்டதில்லை. கோழி என்றில்லை, கல்யாணப் புடவை, பிறந்த குழந்தை, தேவாலயப் பாட்டு எதற்கும் கிடையாது. குழந்தையைக் காட்டினால் "காது ரெண்டு இருக்கு" என்பார். இதைத் திமிர் என்றுதான் பாதி ஊர் நினைக்கிறது. பெரியவர்களுக்குக் காரணம் தெரியும். இங்கே ஒருவர் வீட்டில் உட்கார்ந்து ஒரு பொருளை நல்லாருக்கு என்று மெச்சினால், எனக்குக் கொடு என்று கேட்டதாக அர்த்தம். கேட்டுவிட்டால் கொடுத்தாக வேண்டும். கோரோ தீவிலிருந்து வந்த ஒரு சித்தி மகள் அசெனதாவின் பெரிய அலுமினியச் சட்டியைத் தட்டிப் பார்த்து, "என்ன அருமையான சட்டி!" என்று சொல்லிவிட்டாள். சட்டி மறுநாள் கப்பலேறிப் போய்விட்டது. அடுத்த சட்டி வாங்கும் வரை அசெனதா கோழியை வாளியில் வேகவைத்தார். கொடுத்ததற்காக அவர் வருந்தவில்லை. அந்தச் சித்தி மகளைப் போல வாயைத் திறந்து யாரிடமும் எதையும் கேட்டுவிடக் கூடாது என்பதில் அன்றிலிருந்து இன்னும் கெட்டியாகிவிட்டார்.

இந்தக் கெட்டித்தனம்தான் எரோனியின் கல்யாணத்தில் வந்து நின்றது.

கல்யாணத்துக்கு மூலகாரணமே அசெனதாதான். பையைத் தூக்கிக்கொண்டு சனிக்கிழமைதோறும் மகன் கூடவே வருவான். அம்மா ஊதி, முகர்ந்து, காது வைத்து, நெஞ்செலும்பை வளைத்து முடிப்பதற்குள் ஒரு ஆள் காதலித்து, ஊடல் கொண்டு, சமாதானமும் ஆகிவிடலாம். கூண்டுக்குப் பின்னால் கோழியைக் காகிதத்தில் சுற்றிக் கட்டித் தருகிறவள் பிசேசரின் மகள் அஞ்சுலா. தாதிப் படிப்பு படிக்கிறாள், சனிக்கிழமை மட்டும் அப்பாவுக்கு ஒத்தாசை. கோழியின் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்த அசெனதாவின் காதில் பக்கத்தில் நடந்த பேச்சு விழவே இல்லை.

விஷயம் வெளியே வந்தபோது ஊர் கையைத் தேய்த்துக்கொண்டு வேடிக்கைக்கு உட்கார்ந்தது. அசெனதா வீட்டார் தேவாலயம், பிசேசர் வீட்டார் கோயில். அவர்கள் மண்ணின் ஆட்கள், இவர்கள் கரும்புக்கு வந்தவர்கள். பிசேசர் எதைச் சொல்லி மறுப்பார் என்று சந்தையில் ஆளுக்கொரு ஆரூடம் சொன்னார்கள். பிசேசர் அதில் ஒன்றையும் தொடவில்லை. எரோனி நேரே வந்து கேட்டபோது, கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"தம்பி, உன்மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. புயல்ல எங்க தெருவுல விளக்கு போனப்ப நீதான் கம்பத்துல ஏறினே, மறக்கல. ஆனா உங்கம்மா? இந்தச் சந்தையில எல்லாரும் காலி டப்பாவ நீட்டி, கெரேகெரே, குடுன்னு உரிமையா வந்து நிப்பாங்க. ஈரல் குடு, கழுத்தக் குடு, நாய்க்குக் குடலக் குடு. உறவுன்னு நெனச்சுக் கேக்குறாங்க, நானும் குடுக்குறேன். உங்கம்மா ஒரு நாளு, ஒரே ஒரு கோழிக்கால் கேட்டிருக்குமா? வரும், வையும், வாங்கும், போகும். எத்தனை வருஷமா என் கோழியக் கேவலப்படுத்துது! என் பொண்ணு அந்த வீட்டுக்கு வந்தா அவளையும் தலைகீழாப் புடிச்சு ஊதிப் பாக்கும்!"

சந்தை சிரித்தது. பிசேசர் சிரிக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கியிருந்ததை எரோனி பார்த்தான்.

"ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வா. என் கோழி, என் கையாலயே சமைக்கிறேன். எல்லார் முன்னாடியும் நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். சொன்னா பொண்ணு உங்க வீட்டுப் பொண்ணு. சொல்லலைன்னா இந்தப் பேச்சு வேணாம்."

அப்பா சொல்லை மீறி வர மாட்டேன் என்று அஞ்சுலாவும் சொல்லிவிட்டாள். ஆக, இரண்டு பேருடைய வாழ்க்கையும் அசெனதாவின் நாக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. அது சௌகரியமான இடம் கிடையாது.

"ஒரு வார்த்தைதானேம்மா?" என்றான் எரோனி, வீட்டில்.

"பெட்டியத் தொறக்காம நான் யாருக்கும் முத்திரை போட்டுக் குடுத்ததில்ல. கோழி சுமாரா இருந்தா எப்படிச் சொல்றது? என் வாயில வராது."

"நல்லாவே இருந்தா?"

"அது இன்னும் மோசம். நல்லாருக்குன்னு ஒருத்தன் வீட்டுல உக்காந்து சொன்னா குடுன்னு அர்த்தம். நான் யார்கிட்டடா போய்க் கேட்டிருக்கேன்?"

"நாம போறதே பொண்ணக் கேக்கத்தானேம்மா!"

அசெனதா அடுப்பிலிருந்த சட்டியை இறக்கிவிட்டு மறுபடி அதே அடுப்பில் ஏற்றினார். அவருக்குப் பயமாக இருந்தது. மகன் கை நழுவிப் போய்விடுவான் என்ற பயம் ஒரு பக்கம். வாழ்நாள் முழுக்கக் காத்த நாக்கு ஒரு கோழிக்காரர் முன்னால் மண்டியிட வேண்டுமே என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரிது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை, அதுதான் அவருக்கு அதிக வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, தேவாலயத்துக்குப் போட்ட வெள்ளை உடையோடும் கைப்பையோடும் பிசேசர் வீட்டுக்கு வந்து இறங்கினார். பின்கட்டில் தகரக் கொட்டகைக்குள் விறகடுப்பு. வெந்தயமும் கடுகும் பொரிந்து, இஞ்சியும் பூண்டும் வதங்கி, கோழியின் கொழுப்பில் மசாலா பிரிகிற வாசனை வாசல் வரை வந்து கூப்பிட்டது. அசெனதாவின் கால்கள் தாமாகவே கொட்டகைப் பக்கம் திரும்பின. எரோனி அவர் முழங்கையைப் பிடித்து வீட்டுக்குள் திருப்பினான்.

"கோழிய உயிரோட ஒரு தடவ பாத்திருக்கலாம்" என்றார் அசெனதா, பொதுவாக.

பிசேசரின் மனைவி ராஜ்மதி கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். "அது இப்ப சட்டிக்குள்ள இருக்கு, மராமா. கூப்பிட்டா வராது."

உயிரோடு பார்க்காத, ஊதாத, முகராத கோழியைச் சாப்பிடுவது அசெனதாவுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கூடத்தில் பாய் விரித்திருந்தது. சோறு, ரொட்டி, விருந்தாளிக்கு மரியாதையாக வெந்த சேப்பங்கிழங்கு. வேலி ஓரத்தில் அக்கம்பக்கத்தார் தலைகள் வரிசையாக முளைத்திருந்தன. ஒருவருக்கும் வேலியில் வேலை இல்லை. பிசேசர் சட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். சந்தையில் அத்தனை வாய் அடிக்கிறவர் நெற்றியில் வியர்வை வழிய, பரீட்சைத்தாளை நீட்டுகிறவர் மாதிரிப் பரிமாறினார்.

அசெனதா முதல் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எலும்பருகே விரலால் அழுத்தினார். கறி பிரிந்து வந்தது, கூழாகவில்லை. வாயில் போட்டார். மென்றார். பல்லுக்கு வேலை இருந்தது, சிரமம் இல்லை. தோலின் கீழிருந்த கொழுப்பு மசாலாவில் உருகி நாக்கெல்லாம் பரவியது. தன் வீட்டுச் சட்டியில் கீரையோடு கீரையாகக் கரைந்துபோன கோழிகள் எல்லாம் இப்படி இருந்திருக்க வேண்டியவைதானா என்று நினைத்தபோது அவருக்குக் கோபம் வந்தது. பிசேசர்மேல்தான் வந்தது. அப்படியே இரண்டாவது துண்டுக்குக் கை போயிற்று. மூன்றாவதையும் எடுத்தார். சேப்பங்கிழங்கைத் தொடவே இல்லை. எலும்பைக் கடித்து உடைத்து உறிஞ்சி, தட்டோரத்தில் அடுக்கி வைத்தார். எலும்பு உடைகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிசேசரால் பொறுக்க முடியவில்லை. "எப்படி இருக்கு, மராமா?"

அசெனதா விரலை நக்கிவிட்டு யோசித்தார். "வெடச் சேவல். கூண்டுல வளந்ததில்ல, வேலியோரமா மேஞ்சது. தேங்காத் துருவல் போட்டு வளத்திருக்கீங்க."

"ஆமா, ஆமா. ஆனா எப்படி இருக்கு?"

"தோலை உரிக்காம சமைச்சிருக்கீங்க. அது சரி."

"அது சரி, மராமா. எப்படி இருக்குன்னு கேட்டேன்."

வேலியில் இன்னும் இரண்டு தலைகள் கூடின. அசெனதா வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"உப்பு ஒரு சிட்டிகை தூக்கல்."

அஞ்சுலா கண்ணை மூடிக்கொண்டாள். எரோனி தட்டைப் பார்த்தபடி குனிந்துவிட்டான். பிசேசரின் முகத்தில் ஈயாடவில்லை. துடைப்பதற்கு எதுவும் இல்லாத கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். ராஜ்மதி எழுந்து சட்டியை மூடப் போனாள்.

அப்போதுதான் அசெனதா கைப்பையைத் தன் பக்கம் இழுத்தார். வேதப் புத்தகத்தை எடுத்துப் பாயில் வைத்தார். அதன் அடியிலிருந்து ஒரு ஐஸ்கிரீம் டப்பா வந்தது. கழுவிக் கழுவிப் படம் அழிந்துபோன, காலியான பழைய டப்பா. எரோனி நிமிர்ந்து பார்த்தான். அவன் அம்மா கையில் அப்படி ஒன்றை அவன் பிறந்த நாளிலிருந்து பார்த்ததில்லை. அசெனதா மூடியைக் கழற்றினார். இருந்த இடத்திலிருந்து முழங்காலால் நகர்ந்து பிசேசரின் முன்னால் வந்தார். இரண்டு கையாலும் டப்பாவை நீட்டினார். முகம் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"கெரேகெரே" என்றார்.

வேலியில் யாரோ "அம்மாடி!" என்று சொன்னது கூடம் வரை கேட்டது.

பிசேசர் கொஞ்ச நேரம் அந்தக் காலி டப்பாவையே பார்த்தார். பிறகு மனைவியின் கையிலிருந்து கரண்டியை வாங்கினார். சட்டியின் அடிவரை துழாவி, ஒளிந்திருந்த காலைத் தேடி எடுத்து வைத்தார். ஈரலை வைத்தார். தொடையை வைத்தார். கண்ணீரைத் துடைக்கக் கை ஒழியவில்லை, மேலே மேலே அள்ளி வைத்துக்கொண்டே இருந்தார். டப்பா நிரம்பிக் குழம்பு விளிம்பைத் தாண்டி, அசெனதாவின் விரல்களில் வழிந்து, வெள்ளை உடையின் மடியில் சொட்டியது. கையைப் பின்னால் இழுக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தார் அசெனதா. போதும் என்று சொல்லவில்லை.